மாடி வீட்டுப் பூனை மீதான என் புகார் குறித்து

வெள்ளிக்கிழமை, மாலை

அன்பும் மரியாதையும் கலந்து அண்ணாவுக்கு எழுதுவது,

"பூனையா, மரமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று நேற்று ஃபோனில் கேட்டீர்கள். நேற்று எனக்குத் தெரியவில்லை. படித்ததும் மரங்களைப் பற்றி, இருபது வருடமாகப் பார்க்கும் வேலையும் மரங்களின் மகரந்தத்தை எண்ணுவது என்பதால் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் பால் பொங்குகிறது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். பால் எதுவும் பொங்கவில்லை. நீங்களும் அண்ணியும் நலம் என்பதை நேற்றே கேட்டுக்கொண்டதால் மறுபடி விசாரிக்கவில்லை. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை; ஆனால் நான் மட்டும்தான் நலம்.

மூன்று வாரத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். உங்கள் மாப்பிள்ளை ஓயாமல் தும்முவதற்கு மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் பூனைதான் காரணம் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். நீங்களும் வீட்டுக்காரர் என்ற முறையில், பூனை போக வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அவருக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டீர்கள். அவர் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை வெளியூரிலிருந்து வந்து பூனையைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மாடிப்படியில் பார்த்தபோது, "பரவாயில்ல மேடம், சாருக்கு உடம்புதான முக்கியம்" என்றார். அன்றிலிருந்து மேலே தையல் மெஷின் சத்தமே இல்லை. அது ஓடும்போது தலைவலி என்றேன். இப்போது ஓடாததுதான் தலைவலியாக இருக்கிறது.

நடந்தது இதுதான். ஜனவரி இரண்டாம் வாரம் தும்மல் ஆரம்பித்தது. மருந்துக்கடை வைத்திருப்பவர் தன் கடையிலேயே நின்று தும்மினால் அந்தக் கடையை யார் நம்புவார்கள் சொல்லுங்கள். ஒரு பெரியவர் மனமிரங்கி, "எதிர்க் கடையில நல்ல மாத்திரை வச்சிருக்கான், போய் வாங்கிப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இன்னொரு நாள் ஒரே தும்மலில், எண்ணி வைத்திருந்த மாத்திரை எல்லாம் தரையில் சிதறி, குனிந்து பொறுக்கும்போது அடுத்த தும்மல் வந்து, மேஜை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டு, பிளாஸ்திரியோடு வீடு வந்தார். வந்தவர் வாசல் மரத்தைக் காட்டி "இதான், இந்த மரந்தான்" என்கிறார். ஜனவரியில் எந்த மரம் பூக்கும் என்றேன். மரந்தான் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மருந்துக்கடையில் நான் போய் மூக்கை நுழைக்கிறேனா? ஆபீஸிலிருந்து அந்த மாத எண்ணிக்கை அட்டவணையைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தேதிவாரியாக எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். காற்றில் மகரந்தம் இல்லை, ஆகவே மரம் இல்லை, ஆகவே பூனை. இப்படித்தான் உங்களுக்கு எழுதினேன்.

போன திங்கட்கிழமை என் கறுப்பு மேஜை விரிப்பில் மஞ்சளாகப் பூனைக் காலடிகள். சமையலறை ஜன்னல் வழியாக வந்திருக்கிறது. சாட்சி கிடைத்துவிட்ட தோரணையில் விரிப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், உங்கள் தையல் சாக்கட்டித் தூளைப் பூனை என் வீடெல்லாம் பரப்புகிறது என்றேன். தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்கிட்ட வெள்ளையும் நீலமும்தான் மேடம் இருக்கு. மஞ்சள் நான் வாங்கறதே இல்ல. இது உங்க வாசல் மரத்துத் தூளு. மூணு வாரமா வெளிய ஒரு துணி காயப்போட முடியல. பூனை நாள் பூரா அந்த மரத்துலதான் கிடக்கு." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "நீங்க இதத்தான எண்ணறீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

காலடியை ஒரு ஒட்டு நாடாவில் எடுத்து வைத்திருந்து, இன்று ஆபீஸில் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தேன். எண்ணவே தேவையில்லை, அப்பிக் கிடந்தது. அப்புறம்தான் உதித்தது. எங்கள் ஆபீஸ் மொட்டைமாடியில் ஒரு கருவி உண்டு. காற்றை உறிஞ்சிப் பிசின் தடவிய நாடாவில் படிய வைக்கும், நான் அந்த நாடாவை நறுக்கி வைத்து எண்ணுவேன். அதைப் பிப்ரவரி பதினைந்தாம் தேதிக்கு மேல்தான் போடுவது வழக்கம். அதற்கு முந்தைய நாட்களுக்குப் பூஜ்யம் அடித்துவிடுவோம், ஏனென்றால் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகராது. கருவி ஸ்டோர் ரூமில், மழைத்துணி சுற்றி, போன அக்டோபரில் நான் போட்ட முடிச்சு அவிழாமல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பூஜ்யங்களை அடித்ததும் நான், ஃபிரிட்ஜில் ஒட்டியதும் நான்.

மரத்துக்குத் தேதி கிடையாது அண்ணா. புழுப்போலத் தொங்கும் அந்தப் பூச்சரங்கள் இலையுதிர் காலத்திலேயே தயாராகிவிடும். முதலில் வேண்டிய அளவு குளிரை வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு வெதுவெதுப்பு சேர வேண்டும், இரண்டும் ஆனால் திறக்கும். இங்கே மலையில் இந்த வருடம் டிசம்பரிலேயே மூன்று வாரம் விறைத்தது. ஜனவரியில் ஸ்வெட்டரைக் கழற்ற வைத்தது. இடையில் நாலு நாள் மழை பிடித்திருந்தாலும் தூள் தரையோடு போயிருக்கும். அதுவும் இல்லை. காய்ந்த காற்று, மறிக்க ஒரு இலை இல்லாத கிளைகள், அப்புறம் என்ன, தெரு முழுக்க. இதையெல்லாம் வருடாவருடம் புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன்.

ஆகவே குற்றவாளி மரம். பூனை அதைச் சுமந்து வந்ததோடு சரி, அதற்கு ஜன்னலைச் சாத்தினால் போதும். இவருடைய கையில் நாளை காலை ஊசி முனையால் கீறி ஒவ்வாமைப் பரிசோதனை செய்கிறார்கள். அது நான் சொல்வதை உறுதி செய்யும் சம்பிரதாயம்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நோட்டீஸை ரத்து செய்து தையல்காரம்மாவிடம் நீங்களே பேசிவிடுங்கள். என்னால் அந்தப் படியேற முடியாது.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். படித்ததை அவ்வப்போது வாசலில் எட்டிப் பார்த்தும் கொள்ளட்டும்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை

பி.கு. சனிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் பரிசோதனை முடிந்தது. இவர் முன்கையில் மரத்துக்குத் துவரம்பருப்பு அளவு தடிப்பு, பூனைக்குச் சட்டைப் பொத்தான் அளவு. வீட்டில் பூனை உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை, மாடியில் இருக்கிறது, எப்போதாவது ஜன்னல் வழியாக வரும் என்றேன். இவர் கையையே பார்த்துக்கொண்டு, "மடியில படுத்துக்கும்" என்றார்.

"எப்ப?"

"நீ ஆபீஸ் போனப்புறம். கடை தொறக்கப் பத்து மணி ஆகுதுல்ல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஜன்னல நான்தான் தொறந்து விடுவேன். மாத்திரையப் போட்டுச் சமாளிச்சிட்டிருந்தேன். இந்தத் தடவ மரமும் சேர்ந்துக்கிச்சு, முடியல."

முதல் நாளிலிருந்தே மரம் மரம் என்று இவர் ஏன் ஒற்றைக்காலில் நின்றார் என்பது எனக்கு அங்கே விளங்கிற்று. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் வலுவான மாத்திரை எழுதிக்கொடுத்தார். பூனையை விலக்குவதுதான் நல்லது என்றும் சொன்னார். வீடு வந்ததும் இவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் மாடியேறிப் போய், முன்கையைக் காட்டி உள்ளதைச் சொல்லியிருக்கிறார். தும்முவது தான், அதனால் முடிவும் தன்னுடையது, பூனை எங்கேயும் போக வேண்டாம் என்றிருக்கிறார். தையல்காரம்மா தங்கைக்கு ஃபோன் செய்து வர வேண்டாம் என்று சொன்னது கீழே எனக்குக் கேட்டது.

எனவே நோட்டீஸை ரத்து செய்துவிடுங்கள். மேலே நான் எழுதிய காரணம் செல்லாது. வேறு காரணம் என்னிடம் இல்லை. இப்போது மணி நாலு. இவர் கூடத்தில் தும்மிக்கொண்டிருக்கிறார். பூனை முன்வாசல் வழியாகவே வந்தது.