கம்பளி மாஸ்டரின் வெடிகுண்டுக் காகிதம்

பட்டப்பகலில் கம்பளிக்குள் புகுந்துகொண்டு உலகத்தைக் காப்பாற்றப் பார்த்த மனிதர் ஹட்டன் டவுனிலேயே ஒருத்தர்தான். அவர் என் அறையில் இருந்தார்.

போர்டிங்கில் எல்லோருக்கும் அவர் கம்பளி மாஸ்டர். வாரநாளில் இரசாயனவியல் வாத்தியார், சனி ஞாயிறில் டொக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. வெடிமருந்தைக் காட்டிக்கொடுக்கும் காகிதம் செய்துகொண்டிருந்தார். ஊதா விளக்கைப் பிடித்தால் காகிதம் பச்சையாக ஒளிரும். வெடிமருந்து கொஞ்சம் பட்டாலும் அந்த இடம் அணைந்து கறுத்துவிடும். இதைப் பார்க்க இருட்டு வேண்டும், அதற்குத்தான் கம்பளி.

கண்ணில் பட்டதையெல்லாம் ஒற்றிப் பார்ப்பார். என் கால் சப்பாத்து, குளிக்கிற சவர்க்காரம், போர்டிங்கில் சமைக்கும் அக்கா அரைத்த தேங்காய்ச் சம்பல், எதுவும் தப்பவில்லை.

"மாஸ்டர், சம்பல் வெடிக்குமா?" என்றேன்.

"சம்பல்ல பயமில்லீங்க. ரொட்டி மேலதான் எனக்குச் சந்தேகம்."

அக்கா இரண்டு நாள் அவருக்கு ரொட்டி போடவில்லை.

ஆராய்ச்சி அறிக்கை கொடுக்க ஒரு வாரம் இருந்தபோது, லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருக்கும் தன் வீட்டுக்கு என்னையும் இழுத்துப் போனார். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த தன் அம்மாவின் விரல்களைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டு கம்பளிக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்னாடா சொல்லுது?" என்றார் அம்மா.

"நீங்க வெடிகுண்டுன்னு சொல்லுதும்மா."

"இதத்தான் ஒங்கப்பா கல்யாணம் கட்டுன நாள்லயிருந்து சொல்றாரே!"

லயத்து வரிசை வீடுகளில் இருந்த, கொழுந்தெடுக்கும் அத்தனை பெண்களின் கையையும் ஒற்றினார். எல்லாம் கறுப்பு. கையில் ஊறிய கொழுந்துக் கறை ஒளியை விழுங்கியிருந்தது. மூன்று வருட உழைப்பு, மனுஷர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பேசாம குடுத்துடுங்க மாஸ்டர். யுனிவர்சிட்டில சோதிக்கிறவங்க கொழுந்தா எடுக்குறாங்க? யாருக்கும் தெரியாது," என்றேன்.

"நாளைக்கு இத செக்பொயின்ட்ல வைப்பாங்க. அப்ப பஸ்ஸ விட்டு யார எறக்குவாங்க? எங்கம்மாவத்தானே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

இந்தக் காகிதம் கொழுந்துக் கைகளைக் குற்றவாளியாக்குகிறது என்று அறிக்கையில் அவரே எழுதினார். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. நான்தான் புலம்பினேன். அவர் விசிலடித்தபடி காகிதத்தில் பூசும் சாயத்தை மாற்றி மாற்றி, வாராவாரம் லயத்துப் பெண்களிடம் கை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது புதுக் காகிதம் வெடிமருந்துக்கு மட்டும் கறுக்கிறது, கொழுந்துக் கைக்கு ஜம்மென்று ஒளிர்கிறது. போன மாதம் பட்டமும் வந்துவிட்டது. எனக்கென்னவோ, தன் தவறைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த அன்றைக்கே அவர் டொக்டர்.