கைக்கு எட்டாத சுவர்

துளசிங்கம் இரண்டு கைகளையும் விரித்தபோது வலது கை சுவரில் இடித்தது. இடது கை கோவிந்தம்மாவின் சோற்றுப் பானையைத் தட்டிவிட்டது.

"பாத்தியா," என்றான், பானையை நிமிர்த்தாமலே. "முழங்கையை நீட்டவே எடம் இல்ல. இதுக்குப் பேரு வூடா? வலை போட்டு வைக்கத்தான் லாயக்கு."

"மொதல்ல பானையை நிமித்துங்க மாமா. கொட்டுறது என் சோறு."

அவன் நிமிர்த்தவில்லை. அவளே குனிந்து நிமிர்த்தினாள். குனிந்தபோது அவள் முதுகு எதிர்ச் சுவரில் உரசியது. அதையும் அவன் பார்த்துக்கொண்டான்.

பசியாவரத்தில் எதையும் பாகத்தால்தான் அளப்பார்கள். கைகளை விரித்து நின்றால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். அவனவன் வலையை அவனவன் கையால் அளப்பான். அதனால் இரண்டு பேருடைய இருபது பாக வலைகள் ஒருநாளும் ஒரே நீளம் இருந்ததில்லை. வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நடுவில் நின்று, கைகளை விரித்து, ஒரு சுற்று சுற்ற வேண்டும். எந்தச் சுவரும் தட்டாவிட்டால் அது வீடு. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கும்போது அந்த வீட்டுக்கும் ஒரு சீட்டு விழும். சுவர் தட்டினால் அது வெறும் அறை. அண்ணன் வீட்டோடோ தம்பி வீட்டோடோ ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கோவிந்தம்மாவின் புருஷன் ஆதிகேசவன் ஒல்லாந்தர் கப்பலில் பாய் கட்டும் வேலைக்குப் கடல் தாண்டிப் பத்தாவியா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் இருந்தவரை இந்த அறையை யாரும் அளக்க நினைக்கவில்லை. அவன் அண்ணன் துளசிங்கத்துக்கு இப்போதுதான் கை அரித்தது.

"எங்க வலைக் கொட்டகை நெறைஞ்சு வழியுதாம். பாதி வலையை உன் ஓரகத்தி கஸ்தூரி வெளியே எடுத்துப் போட்டு வச்சிருக்கா. மணல்ல கெடந்து மக்குது," என்றான். "நீ ஆரம்பாக்கத்துல உங்கண்ணன் வூட்டுக்குப் போ. உம் புருஷன் கப்பல் வந்தா நீயும் வா."

ஆரம்பாக்கத்தில் தனக்கு என்ன கிடைக்கும் என்று கோவிந்தம்மாவுக்குத் தெரியும். ஒரு மூலை கிடைக்கும். மூலைக்கு யாரும் கதவு வைப்பதில்லை.

"போவல," என்றாள்.

"அமாவாசைக்கு நாட்டாரைக் கூட்டியாறேன். அவரு வந்து சொல்லட்டும்."

"கூட்டியாங்க. அதுக்குள்ள இதைப் பெருசாக்கி வைக்கிறேன்."

"இன்னா, சுவத்தைத் தள்ளப் போறியா?"

"தள்ளாமலே."

சொல்லிவிட்டாளே தவிர எப்படி என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பக்கச் சுவர் துளசிங்கத்தின் வீட்டோடு சேர்ந்தது. மறுபக்கம் ஊர்ப்பாதை. இரண்டும் நகராது. ஆனால் ஊர்த்தலைவர் தேசப்பன் நாட்டாரைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவர் வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தால் "வூடுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். யாரையும் கை விரிக்கச் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று.

ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து, ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள். அங்கே ஓர் ஒல்லாந்துக்காரியின் சமையற்கட்டுக்கு அடுத்த அறையை எட்டிப் பார்த்திருக்கிறாள். சின்ன அறைதான். ஆனால் நின்றால் மூச்சு தாராளமாக வந்தது. ஏன் என்று அப்போதே யோசித்தாள். சுவர் வெள்ளை. சன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி. தரையில் ஒரு பொருளும் இல்லை. அவ்வளவுதான்.

முதலில் வெள்ளை. சுண்ணாம்புக் காளவாயிலிருந்து சிப்பிச் சுண்ணாம்பு ஒரு சால் வாங்கி, கரைத்து அடித்தாள். மண் சுவர் அதைக் குடித்துவிட்டுப் பழையபடியே நின்றது. காளவாய்க்காரர் மணல் சேர்த்து விரல் கனத்துக்குப் பூசச் சொன்னார். பூசினாள். ஒரு சுவருக்கு ஒரு விரல் போதவில்லை, இரண்டு விரல் ஆனது. எதிர்ச் சுவருக்கும் இரண்டு. பூசி முடித்துத் தள்ளி நின்று பார்க்க நினைத்தபோதுதான் தள்ளி நிற்க இடமில்லை என்று தெரிந்தது. பெரிதாக்கப் போன அறை நான்கு விரல் சுருங்கியிருந்தது.

கதவருகில் ஓரகத்தி கஸ்தூரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். துளசிங்கத்தின் பெண்டாட்டி. ஒரு வேலையும் இல்லாமல் வந்து நிற்பது அவளுக்கு வழக்கம் இல்லை.

"எத்தினி பங்கு மணல் போட்ட?"

"இன்னாத்துக்கு கேக்குறக்கா? மாமா கேட்டுனு வரச் சொன்னாரா?"

கஸ்தூரி ஈரச் சுவரை விரலால் ஒரு தடவு தடவி, விரலைப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் சாலில் மீதி இருந்த சுண்ணாம்பைக் காணோம்.

பூச்சு காயவில்லை. ஏரிக் காற்றின் ஈரத்தில் மாவு மாதிரி உதிர்ந்தது. உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் திரும்பும்போது சுவரில் உரசினார்கள், உரசியவர்கள் முதுகில் வெள்ளையோடு போனார்கள். தண்ணீர் கேட்டு வந்தவள், நெருப்பு வாங்க வந்தவள், எல்லோரும் கோவிந்தம்மாவின் அறை எவ்வளவு குறுகல் என்பதை முதுகில் எழுதிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள்.

"ஊர்ல பாதிப் பேரு முதுகுல உன் சுவரு நடக்குது," என்றான் துளசிங்கம். சந்தோஷமாக இருந்தான்.

"நடக்கட்டும். மீதிப் பாதியும் வரட்டும்."

அடுத்தது கண்ணாடி. கோட்டைக்கு மீன் கொண்டுபோகும் படகுக்காரன் வரதனிடம் சொல்லி வைத்தாள். சொந்த ஊருக்குக் கப்பலேறிய ஒல்லாந்துக்காரன் ஒருவன் கோட்டையில் விட்டுப்போன சாமான்களோடு மூலை உடைந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று கிடந்தது. வரதன் அதை வைக்கோல் சுற்றிப் படகில் படுக்க வைத்துக் கொண்டுவந்தான்.

"அண்ணி, வழியெல்லாம் ஆகாசத்தை ஏத்தினு வந்த மாதிரி இருந்திச்சு," என்றான்.

சன்னலுக்கு எதிரே சாய்த்து வைத்தாள். அறை இரண்டானது. ஆனால் அதோடு எல்லாமே இரண்டானது. மூன்று பானைகள் ஆறாயின. இறால் போடும் பறி, துடுப்பு, பாய்ச்சுருள், ஈரப்புடவை எல்லாம் ஆளுக்கொரு ஜோடி சேர்த்துக்கொண்டன. நடுவில் இரண்டு கோவிந்தம்மாக்கள் கால் வைக்க இடம் தேடினார்கள். இரண்டு வருஷமாகத் தன் முகத்தைத் தண்ணீரில் மட்டுமே பார்த்திருந்தவள், இவ்வளவு கோபமாகவா இருக்கிறேன் என்று நினைத்தாள். பரவாயில்லை, இந்த முகத்தை ஆரம்பாக்கத்தில் ஒரு மூலையில் வைக்க முடியாது என்றும் நினைத்தாள்.

மூன்றாம் நாள் கஸ்தூரியின் சேவல் உள்ளே புகுந்து, எதிரே நின்ற சேவலோடு சண்டைக்குப் போனது. கண்ணாடி இரண்டாக உடைந்தது. சேவலைத் தூக்கிப் போக வந்த கஸ்தூரி, சேவலை விட்டுவிட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சன்னலுக்கு எதிர்லதான் வைக்கணுமா? கதவுக்கு எதிர்ல வச்சா?"

"உன் சேவலைக் கேளுக்கா. அதுக்குத்தான் எல்லாம் தெரியும்."

பெரிய துண்டைச் சுவரில் மாட்டினாள். சின்னத் துண்டைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். சாயங்காலம் அது இல்லை. அக்காளும் மாமாவுமாகச் சேர்ந்து தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்கிறார்கள் என்று கோவிந்தம்மா முடிவு கட்டினாள்.

மூன்றாவது, தரை. தரையில் எதுவும் இருக்கக் கூடாது. பானை, பறி, துடுப்பு, பாய் எல்லாவற்றையும் உறியும் கயிறுமாகக் கூரை வாரையில் கட்டித் தொங்கவிட்டாள். தரை பளிச்சென்று கிடந்தது. ஆனால் அறை இப்போது மேலிருந்து கீழே இறங்கிவந்தது. வரதன் நிமிர்ந்தான், பானையில் இடித்துக்கொண்டான். துளசிங்கம் எட்டிப் பார்த்தான், கருவாட்டுச் சட்டி அவன் தலையில் கவிழ்ந்தது. தலை இடிக்காமல் அந்த அறையில் நடமாடக் கூடியவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தி கோவிந்தம்மா. இன்னொருத்தி, அவள் உயரமே இருந்த கஸ்தூரி.

அமாவாசைக்கு முந்தின நாள் கோவிந்தம்மா வெறும் தரையில் உட்கார்ந்தாள். வெள்ளை உதிர்ந்தது, கண்ணாடி அரையாகிப்போனது, தலைக்கு மேல் குடும்பமே தொங்கியது. எனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இறால் தடவும்போது இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன். என்னைத் தொடாமல் எல்லாப் பக்கமும் ஏரி போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே நான் பெரியவளும் இல்லை, சின்னவளும் இல்லை. கடைசியில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. தண்ணீர் முடிந்து வானம் தொடங்கும் கோடு.

எழுந்துபோய்ச் சாயக்காரர் வீட்டில் மிச்சச் சாய நீலம் ஒரு கொட்டாங்கச்சி வாங்கிவந்தாள். உட்கார்ந்தபடியே, கண் மட்டத்தில், நான்கு சுவரையும் சுற்றி விரலால் ஒரு நீலக் கோடு இழுத்தாள். நடுவில் வந்து உட்கார்ந்தாள். சுவர்கள் நகர்ந்துபோயின. அவளுக்கு மட்டும்தான் அப்படித் தெரிந்தது என்று நினைத்தாள்.

கஸ்தூரி கதவருகில் நின்றாள். இந்த முறை உள்ளே வந்து, கேட்காமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீலக் கோட்டைக் கண்ணாலேயே ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"நூல் புடிச்சா போட்ட?"

"இல்லக்கா. கண்ணு மட்டம்."

"நீலம் மீதி கீதா?"

"கொட்டாங்கச்சி அங்க கீது. எடுத்துனு போயி மாமாகிட்ட காட்டு. நாளைக்குச் சிரிக்க உதவும்."

கஸ்தூரி அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை தேசப்பன் நாட்டார் நான்கு பேரோடு வந்தார், பின்னாலேயே ஊரும் கூடியது. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார்.

"அட, பெருசாத்தான் கீது," என்றார். துளசிங்கத்தின் முகம் சுருங்கியது. "இன்னா துளசிங்கம், எலிவளைனு சொன்ன?"

அங்கேயே திரும்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நாட்டார் உள்ளே வந்தார். பானையில் நெற்றி இடித்தது. பின்வாங்கினார், முதுகு சுவரில் உரசியது. திரும்பினார், வயிறு எதிர்ச் சுவரில் உரசியது. வெளியே வந்தபோது முன்னும் பின்னும் வெள்ளையாக இருந்தார்.

"அளந்துடலாம்," என்றார்.

துளசிங்கம் காத்திருந்தவன் போலப் பாய்ந்து உள்ளே போய்க் கைகளை விரித்தான். இரண்டு பக்கமும் மணிக்கட்டு வரை சுண்ணாம்பு அப்பியது. கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினான்.

"மாமா ஊருக்கே ஒசரம்," என்றாள் கோவிந்தம்மா. "நடுத்தரமா யாரையாவது விடுங்க. வரதன் நிக்கட்டும்."

வரதன் குட்டை. அதை நம்பித்தான் அவனை வரச் சொல்லியிருந்தாள். உறிக்கடியில் கொஞ்சம் தலை குனிந்தாலும் ஓரளவு நிமிர்ந்து நின்றான். கைகளை விரித்தான். பிறந்ததிலிருந்து படகு தள்ளிய கைகள் அவை. அவன் உயரத்துக்குச் சம்பந்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு உள்ளங்கையும் சுவரில் பதிந்தன.

"மன்னிச்சிக்கோ அண்ணி," என்றான், வெள்ளைக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"முடிஞ்சுது," என்றான் துளசிங்கம். "இன்னும் யாருன்னா பாக்கி கீறாங்களா?"

"நான் கீறேன்," என்றாள் கோவிந்தம்மா.

ஒருவர் சிரித்தார். நாட்டார் சிரிக்கவில்லை, நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாட்டாரே, உங்க வலை எத்தினி பாகம்?"

"இருபத்திரெண்டு."

"யாரு கையால?"

"எங் கையாலதான். என் வலையை வேற எவன் கையால அளப்பேன்?"

"மாமா, உங்க வலை?"

துளசிங்கம் சுண்ணாம்புக் கைகளை வேட்டியில் துடைத்தான்.

"வலையை இழுக்கிறவங்க கையால வலையை அளக்கணும். அப்போ வூட்டை? இதுக்குள்ள தூங்கி எழுந்துக்கிறது மாமா இல்ல, வரதன் இல்ல. நான். எங் கைக்குத் தட்டுச்சுனா இன்னைக்கே மூட்டை கட்டறேன்."

நாட்டார் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, போ என்பதுபோல் தலையை அசைத்தார்.

அவள் நடுவில் போய் நின்றாள். நீலக் கோட்டைப் பார்த்தாள். கைகளை விரித்தாள், விரல்களை மடக்காமல், முழுசாக. சுவருக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டுகூட நுழையாது. பூசிய நான்கு விரல் கனத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டே, பாதத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஒரு சுற்று சுற்றி வந்தாள். வெளியே வந்து பத்து விரல்களையும் நாட்டாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அந்தச் சுவரில் காற்று பட்டாலே வெள்ளை ஒட்டும் என்று ஊருக்கே தெரியும். ஊரே முதுகில் சுமந்து பார்த்திருந்தது. நாட்டார் ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமா கீது," என்றார். "இது வூடு. சீட்டுல கோவிந்தம்மா பேரு ஏறட்டும். இனிமே அவங்கவங்க வூடு அவங்கவங்க கை."

"அப்போ என் வலை?" என்றான் துளசிங்கம்.

"உன் கொட்டகைக்குப் போவட்டும்."

"அங்கதான் எடமே இல்லைனு இவ..." என்று பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான்.

கஸ்தூரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வந்தது வந்தீங்க நாட்டாரே, அந்தக் கொட்டகையையும் ஒருவாட்டி அளந்துட்டுப் போங்க," என்றாள். "எங் கையால. சுண்ணாம்பு போன வாரமே காஞ்சிடுச்சு."