சிவப்பே பார்க்காத மெஷின்

"ஒண்ணே ஒண்ணுதான் சிவப்பு. மத்ததெல்லாம் பச்சை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் புது மேடம்.

ஆபீசில் அவளுக்கு அதுதான் பெயர். பிள்ளைகளை வளர்க்கப் பத்து வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அவளைவிட இளையவர்கள். ஆனாலும் அவள்தான் புதுசு! வேலை நிரந்தரமா இல்லையா என்று நாளைக்குச் சொல்லப்போகிறார்கள். இன்றைக்குப் பார்த்து, அவள் பொறுப்பில் போகிற முதல் சாஃப்ட்வேர் ரிலீஸில் ஒரு டெஸ்ட் சிவப்பாகி மண்ணைக் கவ்விவிட்டது.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம் இது? சீனியர் இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட ஃபெயில் வந்ததில்லையே!"

அவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த சீனியர் போன மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஆனால் தினமும் அவர் புகழ் பாடாமல் டீம் லீடருக்கு டீ இறங்காது.

காரணம் சுலபமாகவே கிடைத்தது. தேதியைக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஒரு பேக்கேஜ், யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகக் கொடுத்த குட்டிப் புரோகிராம், புது வெர்ஷனுக்கு மாறியிருந்தது. பழைய வெர்ஷனையே போட்டால் தீர்ந்தது. போட்டாள்.

இப்போது ஐந்து சிவப்பு.

பழைய தேதி பேக்கேஜுக்கும் புது ரிப்போர்ட் பேக்கேஜுக்கும் ஆகவில்லை. சம்பந்தி சண்டைதான். சரியென்று ரிப்போர்ட்டையும் பழசாக்கினாள். அது தன் பங்குக்கு லாகின் பேக்கேஜின் காலை வாரிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் போன் செய்தார்.

"சின்னவனோட சாக்ஸ் எங்கே இருக்கு?"

"பீரோவில, கீழ்த்தட்டுல. இங்க தலை போற வேலையா இருக்கேங்க."

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு உடையுது."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?"

போனை வைத்துவிட்டாள். மனுஷன் தங்கம்தான், யோசனை மட்டும் சொல்லக் கூடாது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பார்த்தாள். ஊஹும்.

"சீனியரோட பழைய மெஷின் அதோ மூலையில இருக்கு," என்றார் டீம் லீடர். "சிவப்பே பாக்காத மெஷின் மேடம் அது! அதுல என்னென்ன வெர்ஷன் இருக்கோ, அப்படியே எடுத்துப் போடுங்க."

உறையைப் பயபக்தியோடு விலக்கினாள். ஒவ்வொரு வெர்ஷனாகப் பார்த்துப் பார்த்துத் தன் மெஷினில் போட்டு டெஸ்டை ஓட்டினாள்.

திரை முழுக்கச் சிவப்பு. பேருக்குக்கூட ஒரு பச்சை இல்லை.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷம் கழிச்சு உனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் படித்துப் பிடித்த வேலை. இது போய்விட்டால் இன்னொரு தடவை முயற்சி பண்ணத் தனக்குத் தெம்பு இருக்காது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

நேராக டீம் லீடர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நான்தான் எதையோ கெடுத்துட்டேன். எதைன்னுதான் தெரியல. நாளைக்கு வேண்டாம்னு சொல்றதா இருந்தா இன்னிக்கே சொல்லிடுங்க சார்."

அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அட, முதல்ல உட்காருங்க மேடம். அவரையே கேட்டுடலாம்."

சீனியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சுற்றியிருந்த இளசுகள் நாற்காலியோடு உருண்டு வந்து சேர்ந்தார்கள்.

"நல்லா இருக்கீங்களா சீனியர்? உங்க மெஷின்ல இருக்கறதை அப்படியே எடுத்துப் போட்டோம். மொத்த டெஸ்டும் ஃபெயில்! இங்க ஒருத்தங்க தன்னாலதான் எல்லாம் கெட்டுதுன்னு வேலையையே விட்டுடுவாங்க போல இருக்கு. நீங்க மட்டும் எப்படிங்க ஒரு ஃபெயில்கூட இல்லாம சமாளிச்சீங்க?"

 மறுமுனையில் சீனியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், 'ஏதாவது ஃபெயில் ஆச்சா'ன்னு நீங்க கேப்பீங்க, 'ஒண்ணுகூட ஆகல'ன்னு நான் சொல்லுவேன். டெஸ்டை ஓட்டிப் பாத்தேன்னு என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"