ஒரு நிமிஷ வேலைக்குப் பதினொரு நாள்

அன்பு மச்சினனுக்கு அத்தான் எழுதுவது.

இங்கே நானும் கம்ப்யூட்டரும் நலம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், உன் அக்கா எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் அக்காவைக் கடைசியில் எழுதியதைப் பெரிதுபடுத்தாதே. வரிசை அப்படி வந்துவிட்டது.

இந்தக் கடிதம் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. நீ அந்தப் பாடம் நடத்துகிறவன், அதனால் எழுதுகிறேன், வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அனுபவத்தை நான் சொல்லச் சொல்ல, உன் அக்கா புத்தகமாகத் தட்டச்சு செய்தது உனக்குத் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முடிந்த அன்று பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் நாக்கில் சனி. "என்ன இது, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு?" என்றேன். "எழுத்துருவை மாத்தறது ஒரு நிமிஷ வேலைங்க. உக்காருங்க, காட்டறேன்" என்றாள். "இருநூறு பக்கம் ஒரு நிமிஷத்துல மாறுமா? யாருக்குக் காது குத்தறே?" என்று கத்தினேன். "அப்ப நீங்களே மாத்திக்குங்க" என்று கிளம்பி உன் வீட்டுக்கு வந்தவள்தான்.

வீம்புக்கு நானே உட்கார்ந்தேன். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுப்பது, எழுத்துருவை மாற்றுவது, அடுத்த பத்திக்குப் போவது, மறுபடி தேர்ந்தெடுப்பது. இப்படியே பதினொரு நாள். தலைப்புகளை மாற்றினால் பொருளடக்கம் பழைய எழுத்திலேயே முறைத்துக்கொண்டு நிற்கிறது. எழுத்து பெரிதானதில் வரிகள் நகர்ந்து, "கயிறு அறுந்தால் பதறாமல்" என்று ஒரு பக்கம் முடிந்துபோய், என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. சாப்பிடும்போது, "பாரு, அறுபது பக்கம் முடிச்சிட்டேன்" என்று எதிர் நாற்காலியிடம் சொன்னேன். அவள் இருந்திருந்தால் "சாப்பாடு ஆறுது, முதல்ல சாப்பிடுங்க" என்றிருப்பாள். நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வீடாகவே இல்லை மச்சான். இதுவும் கம்ப்யூட்டர் விஷயம்தான்.

பன்னிரண்டாம் நாள் புத்தகத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அச்சுக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா திறந்து பார்த்துவிட்டு, "யார் சார் இவ்ளோ அழகா ஸ்டைல் போட்டு வச்சது? யார் சார் அதைக் குட்டிச்சுவராக்கினது?" என்றார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். ஓரத்தில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வகைப் பத்திக்கும் உன் அக்கா ஒரு ஸ்டைல் செய்து, பெயரும் வைத்திருக்கிறாள். ஸ்டைலில் எழுத்துருவை ஒரு தடவை மாற்றினால், அந்தப் பெயருள்ள பத்தியெல்லாம் தானாக மாறிவிடுமாம். தலைப்பு, விளக்கம், எச்சரிக்கை என்று பெயர்கள். நான் என் சாதனைகளைச் சொன்ன இடங்களுக்கு 'அவர் பெருமை'. அது நாற்பத்தேழு இடத்தில். கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பட்டியலின் கடைசியில் ஒரு பெயர், 'நான்'. ஒரே ஓர் இடத்தில்.

போய்ப் பார்த்தால் தொண்ணூற்று மூன்றாம் பக்கம். "ஒருமுறை மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே ஒரு தட்டச்சுப் பெண் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். மேலே மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கினேன்." அவ்வளவுதான் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் யாரென்று உனக்குத் தெரியாதா? அப்புறம் அவளையே கட்டிக்கிட்டேன்னு ஒரு வரி சேர்க்க எனக்குத் தோணல. அவளும் வாயைத் திறந்து கேக்கல. அந்த இடத்தை மட்டும் சாய்ஞ்ச எழுத்துல, கொஞ்சம் பெரிசா, தனியா வச்சிருக்கா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கோணலா இருக்கே, ஏதோ தப்புன்னு நிமிர்த்தி வச்சுட்டேன். கடையில நின்னுக்கிட்டு எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

"ஒரு பட்டன்தான் சார். நீங்க கையால பண்ணினதெல்லாம் போய், அவங்க வச்சது திரும்பி வந்துடும்" என்றார் கடைக்காரம்மா. பதினொரு நாள் உழைப்பு! "அழுத்துங்கம்மா" என்றேன். அந்த வரிகள் மறுபடி சாய்ந்துகொண்டன. பிறகு எல்லா ஸ்டைலுக்கும் அடிப்படையான ஸ்டைலில் எழுத்துருவை மாற்றினார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும், பொருளடக்கம் உட்பட, மாறின. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முன்னுரைக்கு எந்த ஸ்டைல் போடலாம்? மெதுவாகப் பதில் எழுது. உன் அக்காவும் இஷ்டப்பட்ட மட்டும் அங்கே இருக்கட்டும், அவசரமில்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் மனைவிக்கு என் அன்பான விசாரிப்பு. உன் அக்காவுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீயே பார்த்து ஏதாவது நல்லதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: அவசரமில்லை என்றது பொய். குறையில்லை என்றதும் பொய். முன்னுரையே இன்னும் எழுதவில்லை. உன் வீட்டுக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் எழுதுகிறேன். காலையிலிருந்து மூன்று தடவை உங்கள் வாசல்வரை வந்து, மணி அடிக்கத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டேன். இப்போது உன் அக்கா துணி உலர்த்தப் பால்கனிக்கு வந்திருக்கிறாள். இளைத்துவிட்டாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். உள்ளே போய்விட்டாள். ஐயோ, வெளியே வருகிறாள், செருப்புகூடப் போடாமல் சாலையைக் கடக்கிறாள். மச்சான், இந்தக் கடிதம் உனக்கு வராது. அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.