ஒற்றைத் தோடு

விருத்தாசலம்,
7-6-1971.

அன்புள்ள மச்சான் மாயவன் அவர்களுக்கு,

சுப்புராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை நீலாவதியும் குழந்தையும் சுகம். குழந்தைக்கு வலது காதில் மட்டும் தோடு இருக்கிறது. திட்டக்குடியில் தாங்கள் அனைவரும் சுகமாக இருக்கக் கொளஞ்சியப்பர் துணை நிற்பாராக.

காதுகுத்து அன்று நடந்தது என் தப்புதான். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டிய காதைத் தாங்கள் வருமுன்பே குத்தவிட்டேன். திட்டக்குடி பஸ்ஸைக் காணோம், பத்தரோ ஊசியும் கையுமாக "நல்ல நேரம் போவுதுங்க" என்று அவசரப்படுத்துகிறார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அந்த நேரம் பார்த்து எங்கள் பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கும் பக்கிரி, நான் இரவல் கேட்டிருந்த ஜமக்காளத்தைக் கொண்டுவந்து விரித்து, களைப்பில் அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடி காலியாக இருந்தது. குழந்தையை வைத்துவிட்டேன். ஒரு காது முடிந்தபோது தாங்கள் சீர்த்தட்டோடு வாசலில் நின்றீர்கள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டீர்கள். "இன்னொரு காது எங்கண்ணன் மடியிலதான், ஊசிய உள்ள வைங்க பத்தரே" என்று நீலாவதி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து குழந்தை ஒற்றைத் தோட்டோடு திரிகிறது.

பக்கிரியோ கம்பெனியில் எல்லோர் எதிரிலும் "எம் மருமவ எப்படி இருக்குது?" என்று விசாரிக்கிறார். நீலாவதி கொளஞ்சியப்பர் கோயிலில் என் பேரில் சாமியிடம் புகார்ச் சீட்டாகப் பிராது எழுதிக் கட்டப்போவதாகச் சொல்கிறாள். தங்களைச் சமாதானப்படுத்த, என் கையால் செய்த ஊறுகாய் ஜாடியை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். ஜாடி திரும்பி வந்தது, மூடி வரவில்லை. பாதிக் கோபம் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டேன். "எங்கண்ணன் வராத வூட்டுல எனக்கு என்ன விசேஷம்" என்று அவள் அழுகிறாள், மச்சான். மன்னித்துவிடுங்கள். வரும் ஞாயிறு வாருங்கள். பஸ் எப்போது வந்தாலும் சரி, ராகு காலமே ஆனாலும் காத்திருப்போம்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் தங்கை புருஷன்,
சுப்புராயன்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்து ஒரு வாரமாகச் சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறேன். மேலே சொன்ன ஞாயிறு போய்விட்டது. நடுவில் குழந்தை தோட்டைக் கழற்றி எங்கேயோ போட்டு, நாங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் குத்திய துளையும் தூர்ந்துவிட்டது. நீலாவதி அழுவாள் என்று பயந்தேன். அவளோ காதுகுத்து நடந்த இந்த ஒரு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்து, எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். "இப்ப ரெண்டு காதும் எங்கண்ணனுக்குத்தான். வர்ற ஞாயித்துக்கெழம வரச் சொல்லி எழுதுங்க" என்கிறாள். கடிதத்தை இந்த முறை அவளே பெட்டியில் போடுகிறாள்.