குசினியை அளந்த மாப்பிள்ளை

நமுனுகுல,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய பெரியத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் மயில்வாகனம் எழுதுவது. இங்கே நான், வடிவம்மா, மகள் கம்சலா மூவரும் சுகம். வடிவம்மாவுக்கு மட்டும் சமைக்கிற நேரத்தில் வழக்கமான தலைவலி. பதுளையில் நீங்களும் அக்காவும் நலமாயிருக்கக் கதிர்காமத்தான் துணையிருப்பான்.

நிற்க. நீங்கள் பார்த்து அனுப்பிய மாப்பிள்ளை நமக்கு வேண்டாம்.

இந்திரஜித் இரசாயனவியல் ஆசிரியர் என்றீர்கள். எனக்கென்னவோ சந்தேகமாக இருக்கிறது. பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்கவில்லை, குசினிக்குள் எட்டிப் பார்த்தான், அடுப்பில் மஞ்சளாக எரிகிற நெருப்பையே முறைத்தான், பானையின் அடிக்கரியை விரலால் தொட்டான், பிறகு காலடி வைத்து நீளத்தை அளந்தான், அகலத்தை அளந்தான், கூரை எத்தனை அடி என்று என்னிடமே கேட்டான். வீட்டைச் சீதனமாக எழுதி வாங்க நினைக்கிறவன்கூட முதல் நாளே அளக்கமாட்டானே அத்தான்.

அதோடு விட்டானா? "ஜன்னல ஏன் மாமா பொலித்தீன் போட்டு அடச்சிருக்கீங்க?" என்றான். பனிக்காக என்றேன். "ஒரு கிலோ கேஸ் முழுசா எரியணும்னா மூணரைக் கிலோவுக்கு மேல ஒட்சிசன் வேணுங்க. காத்தோட எடையில நாலுல ஒரு பங்குகூட ஒட்சிசன் கெடையாது. அப்ப பதினஞ்சு கிலோவுக்கு மேல காத்து வேணும். இந்தக் குசினில இருக்கிற காத்தே இருபது கிலோ தேறாது. பத்தாமப் போனா அரகொறயா எரிஞ்சு வாடையே இல்லாத விஷவாயு வருங்க" என்றான். தராசோடு பிழைக்கிற என்னிடமே காற்றை நிறுத்துக் காட்டுகிறான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோ தண்ணீர் வேறு வருமாம், சுவரில் வடிவது அதுதானாம். ஒன்றைப் போட்டு ஒன்றரையை எடுக்கலாம் என்று சொல்கிறவனை எந்தக் கடைக்காரன் நம்புவான்? கடைசியில், "அம்மாவுக்குத் தலவலி, கிறுகிறுப்பு ஏதும் வருதாங்க?" என்று மெல்ல விசாரித்தான். பரம்பரை வியாதி இருக்கிறதா என்று துப்புத் துலக்குகிறான். இதற்குக் கம்சலா சிரித்தாள். காற்றின் எடையில் சிரிக்க என்ன இருக்கிறது? இருவருக்கும் முன்பே பழக்கமோ என்று அதுவும் என் மனதை அரிக்கிறது.

ஆகவே பையன் வீட்டில் பக்குவமாகச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுங்கள். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

பணிவுள்ள,
மயில்வாகனம்

பி.கு.: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கக் குசினிக்குப் போனேன். வடிவம்மா சுவரோடு சாய்ந்து கிடந்தாள், கூப்பிட்டால் பதிலில்லை. கம்சலா அடுப்பை அணைத்து, பொலித்தீனைக் கிழித்தெறிந்தாள். இருவருமாக அவளை வெளியே தூக்கிவந்தோம். அவள் போய்விட்டாள் என்றே அழுதேன் அத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, குசினியில் ஜன்னல் திறந்திருந்ததா என்பது. அவரை நான் சந்தேகப்படவில்லை. இப்போது வடிவம்மா எழுந்து உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று கேட்கிறாள். இன்னொரு தாளை வீணாக்க மனமில்லாததால் இதே கடிதத்தை அனுப்புகிறேன். மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். மாப்பிள்ளைத் தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். வீட்டில் இன்னும் மூன்று அறைகள் அளக்காமல் கிடக்கின்றன.