மூன்றாம் நம்பர் மீட்டர்

நூற்று நாற்பத்தெட்டு.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி பார்த்தார். மூன்றாம் நம்பர் வீட்டு மீட்டர் மனசு மாறவில்லை. இந்த மாதத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு யூனிட். மற்ற பதினோரு வீடுகளும் அறுபது, எழுபது என்று அடக்க ஒடுக்கமாக நிற்க, இது மட்டும் தலைவிரித்து ஆடியிருந்தது.

"வாட்ச்மேன்! மூணாம் நம்பர்ல யாருய்யா இருக்கா?"

"டெய்லர் சார்."

"கூட?"

வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். "கூட... தையல் மெஷின் சார்."

மணி பத்தேகால். பதினோரு மணிக்கு வங்கியிலிருந்து அதிகாரி வருகிறார்.

வீட்டுவசதிச் சங்கத்தின் முதல் பிளாக் இது. உறுப்பினர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த காசில் எழும்பிய பன்னிரண்டு சின்ன வீடுகள். கேஸ் கிடையாது, நெருப்பு கிடையாது. சமையல், வெந்நீர், சகலமும் கரண்ட். பக்கத்திலேயே இரண்டாவது பிளாக், அஸ்திவாரத்தோடு நின்று மூன்று வருடமாக மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதைக் கட்டக் குறைந்த வட்டிக்குக் கடன் தர வங்கி தயார். நிபந்தனை ஒன்றுதான். எந்த வீடும் மாதம் நூற்றைம்பது யூனிட்டைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு வீடு தாண்டினாலும் ஃபைலை மூடிவிடுவார்கள்.

இரண்டாவது பிளாக்கில் முதல் வீடு செயலாளருடையது. அது எழும்பும்வரை அவரும் மனைவியும் மைத்துனர் வீட்டு ஹாலில், ஒரு இரும்பு பீரோவுக்குப் பின்னால் குடித்தனம். மைத்துனர், அவர் மனைவி, ஐந்து பெண் பிள்ளைகள், இவர்கள் இருவர். மொத்தம் ஒன்பது பேருக்கு ஒரே குளியலறை.

மைத்துனர் கேஸ் அடுப்புக் கடை முதலாளி. தினம் ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"நெருப்பில்லாம வெந்நீரா மாப்ளே? அதுல குளிச்சா ஜன்னி வந்துடும். பேங்க்காரன் என்ன பைத்தியமா, உனக்குக் கடன் குடுக்க? கடன் வரலைன்னா மானம் பாக்காம நம்ம கடைக்கு வந்துடு. அடுப்பு தொடைக்க ஆள் வேணும்."

நேற்று ராத்திரி அதற்கான துணியைக்கூட எடுத்துக் காட்டினார்.

செயலாளருக்கு இருந்த ஒரே ஆறுதல், போன ஒரு மாதமாகக் காலையில் குளியலறை வரிசை கரைந்து போயிருந்ததுதான். நல்ல காலம் பிறக்கிறது என்று நினைத்திருந்தார். இப்போது இந்த மீட்டர்!

மூன்றாம் நம்பர் கதவைத் தட்டினார். டெய்லர் அரைக் கதவைத்தான் திறந்தார்.

"ஒண்டிக்கட்டை ஆளுக்கு எதுக்குய்யா இவ்ளோ கரண்ட்? உள்ள என்ன, ஃபேக்டரி நடத்துறீரா?"

"அது... சட்டை, பேண்ட்டு... துவைக்கிறது..."

உள்ளே வாஷிங் மெஷின் குடுகுடுவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"நிறுத்தும்யா அதை!"

"மெஷின் கதவு லாக் ஆயிடுச்சு சார். முடிஞ்சாத்தான் தொறக்கும்."

செயலாளர் கீழே பாய்ந்தார். ஸ்விட்ச் போர்டில் இடமிருந்து மூன்றாவதைப் பிடித்து இழுத்தார். அடுத்த நொடி லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு அலறல்.

"யாருடா அது கரண்டைப் புடுங்கினது?"

"நான்தான், செக்ரட்டரி. உள்ள யாரு?"

"எலக்ட்ரீஷியன்!"

கட்டடத்தில் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று தெரிந்த ஒரே ஆள் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"சார், இழுத்ததை அப்படியே மேல தள்ளுங்க. வேற எதையும் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

தள்ளினார். லிஃப்ட் இறங்கியது. அதற்குள் வாஷிங் மெஷின் தன் வேலையை முடித்திருந்தது. மீட்டர் நூற்று நாற்பத்தொன்பது.

எலக்ட்ரீஷியன் வியர்வையைத் துடைத்தபடி மீட்டர்களைப் பார்த்தார். "எல்லாம் குட்டையா இருக்கிறப்ப இது ஒண்ணு மட்டும் நெட்டையா நிக்குது சார். அதான் கண்ணை உறுத்துது."

அவர் சும்மாதான் சொன்னார். செயலாளருக்கு மூளையில் பல்பு எரிந்தது.

"அப்ப மத்ததையும் கொஞ்சம் ஏத்திட்டா?"

"ஐயோ சார், நான் அப்படிச் சொல்லலை..."

செயலாளர் மாடிப்படி ஏறிவிட்டார். "மூணாம் நம்பர் மட்டும் சும்மா இருங்க! மத்த எல்லாரும் கேளுங்க! ஒரு மணி நேரத்துக்கு யாரும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. இருக்கிறதையெல்லாம் போடுங்க!"

ஒரு மாதமாக "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று உயிரை எடுத்த மனுஷன் வாயிலிருந்தா இப்படி ஒரு வார்த்தை! பதினோரு வீட்டிலும் கொண்டாட்டம். கரண்ட் அடுப்பு, கீஸர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே மூச்சில் உயிர்பெற்றன. இரண்டாவது மாடி அக்கா எதிர்வீட்டுத் துணியையும் வாங்கி இஸ்திரி போட்டாள்.

சரியாக நாலு நிமிஷம். டப்பென்று ஒரு சத்தம். கட்டடமே இருண்டது.

அந்த இருட்டுக்குள், சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னதாக, கையில் ஃபைலோடு அதிகாரி அம்மா நுழைந்தார்.

"இதுதான் அந்த முழுக்க முழுக்க கரண்ட்ல ஓடுற வீடா?"

எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டு மெயினைச் சரிசெய்தார். வெளிச்சம் வந்தது. செயலாளர் முகத்தில்தான் வரவில்லை.

அதிகாரி அம்மா மீட்டர்களை ஒவ்வொன்றாகக் குறித்தார். புருவம் ஏறிக்கொண்டே போனது. "அறுபத்தொண்ணு, எழுபது, அறுபத்தஞ்சு... இதெல்லாம் மனுஷங்க குடியிருக்கிற வீடா, இல்ல எனக்காகப் பூட்டி வச்சீங்களா? இப்படி ஒரு கணக்கை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் மூன்றாம் நம்பரில் நின்றது.

"இது யாரு? நூத்தி நாப்பத்தொம்பது?"

"பெ... பெரிய குடும்பம் மேடம்!" வாய் தானாகப் புளுகிவிட்டது.

"அப்படியா? பாக்கலாம் வாங்க."

படியேறும்போது செயலாளரின் கண்முன் அடுப்பு துடைக்கும் துணி ஆடியது. ஒண்டிக்கட்டை டெய்லரை எப்படிப் பெரிய குடும்பமாக்குவது?

கதவு திறந்தது. அதிகாரி அம்மா நேராகக் குளியலறைக்குப் போனார். செயலாளர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடிக்குக் கீழே எட்டு பல் தேய்க்கும் பிரஷ். கொடியில் ஈரம் சொட்டச் சொட்டச் சின்னதும் பெரிசுமாக ஐந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஓரத்தில் மஞ்சள் வாத்துப் படம் போட்ட துண்டு ஒன்று. அதை எங்கோ பார்த்த ஞாபகம். எங்கே என்று யோசிக்க இதுவா நேரம்?

"மத்தவங்கல்லாம் எங்கே?" என்றார் அதிகாரி அம்மா.

டெய்லர் கொடியைப் பார்த்தார். "இப்பதான் மேடம்... குளிச்சிட்டுக் கிளம்பிப் போனாங்க."

அதிகாரி அம்மா கீஸரைத் தொட்டுப் பார்த்தார். சுவரைத் தட்டினார். பிரஷ்களை இன்னொரு முறை எண்ணினார்.

"எட்டுப் பேர் குளிச்சு, துவைச்சு, நூத்தம்பதுக்குள்ள! செக்ரட்டரி சார், இந்த ஒரு வீட்டைப் பாத்ததுக்கு அப்புறம் உங்க அறுபதையும் நம்பறேன்."

ஃபைலைத் துணி துவைக்கும் மெஷின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். கடன், முழுசாக!

கட்டடம் அதிர்ந்தது. எலக்ட்ரீஷியன் செயலாளரைத் தூக்கிச் சுற்றினார். இரண்டாவது மாடி அக்கா விசில் அடித்தாள். செயலாளர் மனைவிக்குப் போன் போட்டார்.

"அடியே, கடன் வந்துடுச்சு! பீரோவுக்குப் பின்னாடி இனி ஒரு வருஷம்தான்! உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அந்தத் துணியை அவரே வச்சுக்கட்டும்!"

பிறகு ஓடிப்போய் டெய்லரைக் கட்டிக்கொண்டார். "நீர் மனுஷனே இல்லய்யா, தெய்வம்! அரை மணி நேரத்துல எட்டு பிரஷ், அஞ்சு யூனிஃபார்ம்! எங்கேய்யா புடிச்சீர்?"

டெய்லர் தரையைப் பார்த்தார்.

வாசலில் வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு சோப்பு டப்பா.

"சார், வீட்டுக்குத்தானே போறீங்க? இதைக் கொஞ்சம் உங்க மச்சான்கிட்ட குடுத்துடுங்க. ஒரு மாசமா குடும்பத்தோட டெய்லர் வீட்டுக்குக் குளிக்க வர்றவரு, இன்னிக்கு மறந்துட்டுப் போயிட்டாரு. நெருப்பில்லாத வெந்நீர் சுகமே தனிதான்னு தினம் சொல்லுவாரு சார், உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாரு!"